ஒரு மிடறுக்கு எட்டு வருஷம்

"மலை சரி, காடு சரி, ஆறு சரி, சாராயத்துக்கு நம் குடும்பப் பத்திரிகையில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது நன்றாகவே காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்த பாட்டிமார்களுடைய பேத்திகள் அல்லவா நாம்! ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். உங்களைக் கடைக்கு அழைத்துப் போகவில்லை. ஒரு செடியைப் பார்க்க அழைத்துப் போகிறேன். அந்தச் செடி வளருகிற மலைக்குப் போவதென்றால் காட்டாறுகளில் இறங்கி ஏற வேண்டும், புழுதியில் குளிக்க வேண்டும், நமக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதை அடிக்கொரு தரம் உணர வேண்டும். போய்ச் சேர்ந்ததும் சின்னக் கிண்ணத்தில் ஒரு மிடறு ஊற்றி நீட்டுவார்கள். குடிப்பதும் குடிக்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் அந்த ஒரு மிடறுக்குள் எத்தனை வருஷம் அடங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் திரும்பினால் அதுதான் நஷ்டம்.

புறப்படலாமா?

கடற்கரையில் நம்ம ஊர் வாசனை

மெக்ஸிக்கோ தேசத்தின் மேற்குக் கரையில், பசிபிக் மகா சமுத்திரம் உள்ளே வளைந்து ஒரு பெரிய குடாவாகும் இடத்தில் இருக்கிறது புவெர்த்தோ வயார்த்தா என்னும் ஊர். எழுத்துக் கூட்டிப் படித்தால் 'வல்லார்ட்டா' என்றுதான் வரும். ஊர்க்காரர்கள் வாயில் அது 'வயார்த்தா'. ஹலீஸ்கோ மாகாணத்தைச் சேர்ந்தது. முன்னால் கடல், பின்னால் சியரா மாத்ரே மலை. நடுவில் சிவப்பு ஓட்டு வீடுகள். 1918 வரை இதற்கு 'லாஸ் பேன்யாஸ்', அதாவது 'பாறைகள்' என்றுதான் பெயர்.

உலகத்தின் கண் இந்த ஊர்மேல் விழுந்தது 1963ஆம் வருஷம். ஜான் ஹூஸ்டன் என்ற டைரக்டர் பக்கத்திலுள்ள மிஸ்மலோயா கடற்கரையில் ஒரு சினிமா எடுக்க வந்தார். கதாநாயகர் ரிச்சர்ட் பர்ட்டன். அவரோடு எலிஸபெத் டெய்லரும் வந்து தங்கினார். அந்தப் படத்தில் அம்மாளுக்கு வேஷம் எதுவும் இல்லை. ஆனாலும் பத்திரிகைக்காரர்கள் படத்தை விட்டுவிட்டு அம்மாளைத்தான் படம் பிடித்தார்கள்! அதற்குப் பிறகு ஊருக்கு உல்லாசப் பிரயாணிகள் வருவது நிற்கவே இல்லை.

மலை ஏறுவதற்கு முன்னால் கடற்கரை நடைபாதையில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பெரிய சுரைக்குடுவையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருகிறார், பாருங்கள். அவர் விற்பதற்குப் பெயர் 'தூபா'. தென்னம்பாளையைச் சீவி இறக்கிய பானம். நம் பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே ஓர் அவஸ்தை என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஆப்பிள் துண்டும் பருப்பும் தூவித் தருகிறார். "இதென்ன, பாளை சீவுகிற வித்தை இங்கேயும் உண்டா?" என்று ஆச்சரியப்படுகிறீர்கள் அல்லவா? இங்கே பிறந்ததல்ல, கப்பலில் வந்தது. 1565 முதல் 1815 வரை இரண்டரை நூற்றாண்டுக் காலம், பிலிப்பைன்ஸ் தீவின் மணிலாவுக்கும் மெக்ஸிக்கோவின் அக்கபுல்கோவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. அவற்றில் பட்டும் பீங்கானும் மட்டும் வரவில்லை. பிலிப்பைன்ஸ் மாலுமிகளும் வந்தார்கள். தென்னையிலிருந்து கள் இறக்கவும், அதைக் காய்ச்சி வடிக்கவும் அவர்களுக்குத் தெரியும். இந்த விஷயத்தை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வேலை இருக்கிறது.

அடுத்த வண்டியில் மாம்பழம். குச்சியில் குத்தி, பூப் போலச் செதுக்கி, மேலே மிளகாய்ப்பொடியும் உப்பும் எலுமிச்சைச் சாறும். மாமரம் நம் தேசத்திலிருந்து புறப்பட்டு மணிலா வழியாக அங்கே போனது. இன்றைக்கும் அங்கே ஒரு ஜாதி மாம்பழத்துக்கு 'மணிலா' என்றே பெயர். 'மாங்காய்' என்ற நம் தென்னாட்டுச் சொல்தான் போர்த்துக்கீசியர் வாயில் நுழைந்து, ஸ்பானிய பாஷையில் 'மாங்கோ'வாக நிற்கிறது. மிளகாயோ அவர்கள் தேசத்துச் சொத்து. போர்த்துக்கீசியர் மூலம் நமக்கு வந்தது. நாம் கொடுத்ததும் நாம் வாங்கினதும் ஒரே குச்சியில் நிற்கின்றன!

வண்டி ஏறுவதற்கு முன்

காலை 7 மணி. வண்டி வந்துவிட்டது. மேலே கூரைக்குப் பதில் இரும்புக் குழாய், பக்கவாட்டில் கதவுக்குப் பதில் வலை, முழங்கால் உயரத்துக்குச் சக்கரம். இதுதான் காட்டுப் பாதைக்கான வண்டி. சிலவற்றை வழிகாட்டி ஓட்டுவார். நாம் உட்கார்ந்து வரலாம். சிலவற்றை நாமே ஓட்ட வேண்டும். வழிகாட்டி முன்னால் போவார். வழிகாட்டி ஓட்டும் வண்டியையே எடுங்கள். பாதையில் கண் வைக்கிறவருக்கு மரத்தில் கண் வைக்க முடியாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. புடவை வேண்டாம். தொங்கும் துப்பட்டாவும் வேண்டவே வேண்டாம். திறந்த சக்கரத்துக்கு அருகில் பறக்கும் துணி விளையாட்டல்ல. பின்னலை உள்ளே செருகி, தலைக்கவசம் போட்டு, மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மே வரை மழையில்லாக் காலம், அப்போது புழுதி. ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம், அப்போது சேறு. இரண்டில் எது வேண்டும் என்பதைத்தான் நாம் தீர்மானிக்கலாம். இரண்டும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வண்டி ஓட்டும் வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் ருசி பார்க்கும் வேலை என்று ஒழுங்கு வைத்திருக்கிறார்களா என்று புறப்படுமுன்பே கேளுங்கள். நடுவழியில் ஊற்றிக் கொடுத்து மறுபடியும் ஸ்டீரிங்கைக் கையில் கொடுக்கும் இடமானால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள். ஒரு பக்கம் மலைச் சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு. அங்கே மாமனார் ஜம்பம், மாப்பிள்ளை ஜம்பம் எதுவும் செல்லாது.

தோல் உரிக்கும் மரம்

ஊரைத் தாண்டி, சோளக் கொல்லைகளைத் தாண்டி, வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கியதும் காடு தொடங்குகிறது. முதலில் வழிகாட்டி ஒரு மரத்தைக் காட்டிச் சிரிப்பார். தாமிர நிறத்தில் பளபளக்கும் அடிமரம். காகிதம் போல மேல்தோல் சுருண்டு உரிந்துகொண்டிருக்கும். அதற்கு 'பாப்பலியோ' என்று பெயர். விளையாட்டுப் பெயர், 'உல்லாசப் பிரயாணி மரம்'. வடக்கேயிருந்து வரும் வெள்ளைக்காரர்கள் கடற்கரையில் படுத்துச் சிவந்து தோல் உரிந்து நிற்கிறார்களே, அதைப் பார்த்து வைத்த பெயராம்.

நமக்குத் தெரிந்த முகங்களும் இருக்கின்றன. நம் இலவ மரத்துக்கு இது தாய்வீடு. அதன் மேலே பச்சைப் பசேல் என்று பெரிய மக்காவ் கிளிகள் கத்திக்கொண்டு ஜோடி ஜோடியாகப் பறக்கின்றன. இலவு காத்த கிளியை நாம் பழமொழியில்தான் பார்த்திருக்கிறோம். இங்கே நேரிலேயே பார்க்கலாம். கொய்யாவும் சீத்தாவும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்துப் பிள்ளைகள்தாம். பிப்ரவரி, மார்ச்சில் வந்தால் 'ப்ரிமாவேரா' என்னும் மரம் ஓர் இலைகூட இல்லாமல் முழுக்க முழுக்க மஞ்சள் பூவாக நிற்கும். மஞ்சள் குளித்த சுமங்கலி மாதிரி.

இந்த வட்டாரத்துக் காடுகளில் ஜாகுவார் என்னும் சிறுத்தை ஜாதி மிருகமும் உண்டு. பயப்படாதீர்கள். இரண்டு மைலுக்கு முன்பே நம் வண்டிச் சத்தம் கேட்டு அது போய்விடும். அது போய்விடுகிறதே என்பதில்தான் வருத்தம். ஆகையால் காட்டு ஓடையில் வண்டி நிற்கும்போது இஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். ஐந்தே நிமிஷம். தண்ணீர்ச் சத்தம், சில்வண்டு, எங்கோ ஒரு மரங்கொத்தி. இந்தப் பிரயாணத்தில் காசு கொடுக்காமல் கிடைக்கும் மிகச் சிறந்த ஐந்து நிமிஷம் அது.

மலை யாருடையது?

"இப்படிக் கண்ட இடத்தில் வண்டி விடுகிறார்களே, இது யார் நிலம்?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கே பல மலைச்சரிவுகள் 'எஹீதோ' என்ற ஏற்பாட்டில் இருக்கின்றன. 1910இல் தொடங்கிய மெக்ஸிக்கோப் புரட்சிக்குப் பிறகு, 1917ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தின் 27ஆவது ஷரத்தை ஆதாரமாகக் கொண்டு, பெரிய ஜமீன்களை உடைத்துக் கிராமத்தார் கூட்டாக அனுபவிக்கும்படி கொடுத்த நிலம் அது. வயார்த்தாவை அடுத்த எல் ஹொருயோ என்ற எஹீதோவில் கிராமத்தாரே சேர்ந்து இந்தப் பிரயாணத் தொழிலை நடத்துகிறார்கள். காட்டின் மேலே சுமார் 470 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்கு பாலம் கட்டி, அதன்மேல் இந்தச் சிறு வண்டிகளையே ஓட்டிப் போகச் செய்திருக்கிறார்கள். பாலம் மெல்ல ஆடும். கீழே பார்க்காதவர்கள் தைரியசாலிகள். கீழே பார்த்தவர்கள் பக்திமான்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் கிளப்பும் புழுதி ஒருவருடைய வீட்டுத் துணிக்கொடியில்தான் போய் விழுகிறது. கிராமத்துக்குள் வரும்போது வேகத்தைக் குறைக்கும் வழிகாட்டி நல்ல வழிகாட்டி. போட்ட தடத்தை விட்டு விலகாதவர் இன்னும் நல்லவர். புதிதாக ஒரு தடம் போட்டால் அடுத்த மழையில் அதுவே ஓடையாகி மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும்.

அம்மியும் சுண்ணாம்பும்

மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. ஈர மரங்கள் பின்தங்கி ஓக் மரங்கள் வருகின்றன, பிறகு பைன். ஸான் ஸெபாஸ்தியான் என்ற பழைய வெள்ளிச் சுரங்க ஊர் கண்ணில் படுகிறது. 1605இல் ஏற்பட்டது. சுமார் 1,400 மீட்டர் உயரம். ஏறக்குறைய நம் ஏற்காட்டு உயரம், ஏற்காட்டைப் போலவே காப்பியும் உண்டு. வெள்ளி ஏற்றிய கோவேறு கழுதைகள் நடந்த தடங்களில்தான் இன்றைக்கு நம் வண்டி போகிறது. ஊருக்கு மேலே லா பூஃபா என்ற சிகரம். ஊட்டியைவிட உயரமான அந்த உச்சிக்குக் காட்டு வண்டியிலே போய், வானம் தெளிவாக இருந்தால், காலையில் விட்டுவந்த கடலையே பார்க்கலாம்.

பசிக்கிறது அல்லவா? ஓட்டுத் தாழ்வாரத்தில் ஓர் அம்மாள் 'தோர்த்தியா' தட்டுகிறார். மக்காச்சோள அடை என்று சொல்லலாம். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைத்த மாவு. வெற்றிலைக்கு மட்டுமே சுண்ணாம்பு என்று நினைத்திருந்தோம். இவர்களோ ஆயிரக்கணக்கான வருஷமாகச் சோளத்துக்குச் சேர்க்கிறார்கள். தோல் கழன்று வருவதற்காக மட்டுமல்ல. சோளத்திலுள்ள ஒரு வைட்டமின் உடம்பில் ஒட்டுவதற்கும் அந்தச் சுண்ணாம்புதான் காரணம். இந்த ரகசியம் தெரியாமல் சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போன ஐரோப்பாவில் ஏழை ஜனங்கள் பெல்லாக்ரா என்னும் வியாதியால் அவதிப்பட்டார்கள். அம்மாளுக்குப் பக்கத்தில் கிடக்கும் கருங்கல்லைப் பாருங்கள். மூன்று காலும் சரிவும் தவிர மற்றதெல்லாம் நம் அம்மியேதான்! பெயர் 'மெத்தாத்தே'.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மசித்த பீன்ஸ் பார்க்க அப்பாவிப் பண்டம். ஆனால் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது அங்கே வழக்கம். "மந்தேக்கா இல்லாமல் கிடைக்குமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கள்ளியின் மடலை முள் நீக்கி வதக்கிக் கொடுப்பார்கள். 'நொபாலெஸ்' என்று பெயர். வெண்டைக்காய்க்குத் தங்கை போலக் கொஞ்சம் வழவழப்பு. நன்றாகத்தான் இருக்கும்.

சின்ன வேர்

இப்போது வந்த காரியத்துக்கு வருவோம். மலைச்சரிவில், பாறை இடுக்கில், ரோஜாப்பூ விரிந்தது போலத் தடித்த மடல்களும் ஓரமெல்லாம் முள்ளுமாக உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் நாம் தேடிவந்த செடி. "இது நம்ம ஊர் ஆனைக்கற்றாழை அல்லவா?" என்பீர்கள். ஆமாம், அந்தக் குடும்பமேதான். ரயில் பாதை ஓரமெல்லாம் வேலியாக நிற்கிறதே, அதன் பூர்விகம் இதே மெக்ஸிக்கோ. பெயரில் கற்றாழை என்று இருந்தாலும் சோற்றுக் கற்றாழைக்கும் இதற்கும் உறவு தூரம். நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோமே தண்ணீர்விட்டான் கிழங்கு, அதன் வம்சத்தோடு சேர்ந்தது இது. உலகத்தில் சுமார் 200 வகை, முக்கால்வாசி மெக்ஸிக்கோவில். 'அகாவே' என்பது சாஸ்திரப் பெயர்.

டெக்கீலா என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் இதே ஹலீஸ்கோ மாகாணத்துச் சரக்குதான். ஆனால் நீலக் கற்றாழை என்ற ஒரே வகையிலிருந்து எடுத்தால்தான் அந்தப் பெயர். இந்த மலைக்காரர்கள் தங்கள் காட்டு வகைகளிலிருந்து வடிப்பதற்குப் பெயர் 'ரைஸீயா'. அர்த்தம், 'சின்ன வேர்'. செய்வது வேரிலிருந்து அல்ல. பின்னே ஏன் அந்தப் பெயர்? 1785இல் ஸ்பெயின் ராஜா, தம் தேசத்து மது இங்கே விலைபோக வேண்டும் என்பதற்காக, உள்ளூர்க் கற்றாழை மது வடிக்கக் கூடாது என்று தடைபோட்டார். அதிகாரிகள் வந்து கேட்டபோது, "ஐயோ சாமி, இது அது இல்லை, ஏதோ சின்ன வேரிலிருந்து எடுத்தது" என்று சொல்லித் தப்பித்தார்களாம். வரி கேட்டு வந்தவர்களிடமும் அதே பதில்தான் என்று ஊரிலே ஒரு கதை. உண்மையோ பொய்யோ, பெயர் நின்றுவிட்டது. சுரங்கத் தொழிலாளிகளுக்கு அலுப்புத் தீர்த்த அந்தச் சரக்கு வெகுகாலம் திருட்டுச் சரக்காகவே காட்டுக்குள் ஒளிந்து வாழ்ந்தது.

வடிக்கும் கொட்டகைக்கு 'தபேர்னா' என்று பெயர். உள்ளே வாருங்கள். மடல்களை எல்லாம் சீவி எறிந்தால் நடுவிலே மிஞ்சும் குருத்துக் கட்டை அன்னாசிப் பழம் போல இருக்கும். அதனால் 'பீன்யா', அதாவது அன்னாசி என்றே அதைச் சொல்கிறார்கள். மலையில் அதைச் செங்கல் மண்ணால் கட்டிய மேல் அடுப்பில் வேகவைக்கிறார்கள். கடற்கரைப் பக்கத்தில் தரையில் குழி வெட்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, மூடிப் புதைத்து வேகவைக்கிறார்கள். வெந்த துண்டு ஒன்றை உங்கள் கையில் கொடுப்பார்கள். பயப்படாமல் வாயில் போடுங்கள். இதில் போதை இல்லை. வெல்லப்பாகும் பனங்கிழங்கும் சேர்ந்தாற்போல ஓர் இனிப்பு. கரும்பு மாதிரி மென்று சாறு விழுங்கிச் சக்கையைத் துப்ப வேண்டும். குழந்தைகளும் குடிக்காதவர்களும் ருசி பார்க்க இதுதான் அங்கே சரியான பண்டம்.

வெந்ததை நசுக்கி, தண்ணீர் விட்டுத் தொட்டியில் போட்டால், காற்றில் உள்ள நொதியே பிடித்துக்கொண்டு சில நாளில் பொங்குகிறது. நம் இட்லி மாவு பொங்குவது போல. பிறகு வாலையில் ஏற்றிக் காய்ச்சி, பெரும்பாலும் இரண்டு தடவை, வடிக்கிறார்கள். மலையில் தாமிர வாலை. கடற்கரைப் பக்கமோ வேறு தினுசு. அடுப்பின்மேல் பாத்திரம், அதன்மேல் குடைந்த மரத்தண்டு, உச்சியில் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தாமிரச் சட்டி. ஆவி மேலே போய்ச் சட்டியின் அடியில் பட்டுக் குளிர்ந்து சொட்டுகிறது. அதை ஒரு தாங்கு பிடித்துக் குழாய் வழியே வெளியே விடுகிறது. முந்தானையில் முடிந்ததை இப்போது அவிழ்த்துப் பாருங்கள். தென்னங்கள்ளை வடிக்க மணிலாக் கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்த வாலை இதே ஜாடையில்தான் இருந்தது. அவர்களிடமிருந்தே இந்தக் கரையார் வடிக்கக் கற்றார்கள் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

அந்த ஒரு மிடறு

கிண்ணம் வந்துவிட்டது. குடிப்பவர்கள் அவசரப்படக் கூடாது. பல புட்டிகளில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் சாராயம். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் சங்கதி அல்ல. முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். மலைச் சரக்கில் புகை வாசனை குறைவு. பச்சை இலை, பூ, பழுத்த பழம், கொஞ்சம் தயிர்ப் புளிப்பு. கடற்கரைச் சரக்கில் மண்ணும் புகையும் தூக்கலாக இருக்கும். உதட்டை நனைத்து, நாக்கிலே உருட்டி, ஆரஞ்சுச் சுளை ஒன்றைக் கடித்தால் போதும். குடிக்காதவர்கள் கிண்ணத்தை முகர்ந்துவிட்டுப் புன்னகையோடு திருப்பிக் கொடுக்கலாம். நல்ல தபேர்னாவில் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பெயரும் விவரமும் ஒட்டாத புட்டியை மட்டும் மலிவு என்று வாங்காதீர்கள். முதலில் வரும் வடிப்பைச் சரியாகப் பிரிக்காத சரக்கில் விஷச் சாராயம் இருக்கக்கூடும்.

இப்போது கேளுங்கள், "இந்தச் செடிக்கு என்ன வயது?" என்று. மலையில் அதிகம் பயன்படும் மாக்ஸிமிலியானா என்ற வகைக்கு, முற்றுவதற்கு ஆறு முதல் பத்து வருஷம் ஆகிறது. எட்டு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பெண் எல்.கே.ஜி.யில் சேர்ந்தபோது முளைத்த செடி, அவள் ஏழாம் வகுப்புக்கு வரும்போதுதான் அடுப்புக்கு வருகிறது!

அதோடு முடிந்தால் பரவாயில்லை. இந்தச் செடி ஆயுளில் ஒரே தடவைதான் பூக்கும். எட்டு வருஷம் சேர்த்த இனிப்பையெல்லாம் திரட்டி, பல ஆள் உயரத்துக்கு ஒரே தண்டாகக் கிளப்பிப் பூத்து, விதை உதிர்த்துவிட்டுச் செத்துப் போகும். நம் வாழையும் ஒரே குலை தள்ளிவிட்டு மடிகிறது. ஆனால் வாழைக்குக் காலடியில் கன்று இருக்கிறது. அதனால்தான் கல்யாண வாசலில் வாழையைக் கட்டி 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துகிறோம். மலைக் கற்றாழைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கடற்கரை வகை பக்கக் கன்று விடும், இது விடுவதில்லை. விதை ஒன்றுதான் இதற்கு வம்சம். மதுவுக்கு வெட்டுவதென்றாலோ, இனிப்பு தண்டுக்கு ஏறிவிடுவதற்கு முன்னால் வெட்டியாக வேண்டும். ஆகவே வெட்டிய செடி ஒவ்வொன்றும் பிள்ளையில்லாமல் போன செடி.

இந்தப் பூவை நம்பி இருப்பது செடி மட்டுமா? நீண்ட மூக்குள்ள ஒரு சின்ன வௌவால் ஜாதி, இரவில் கற்றாழைப் பூவிலும் கள்ளிப் பூவிலும் தேன் குடித்துப் பிழைக்கிறது. மகரந்தத்தையும் சுமந்து போகிறது. வயார்த்தாவுக்குத் தெற்கே சமேலாக் குடாவின் தீவுக் குகையில் அவை கூடுகின்றன. பிறகு சூல் கொண்ட பெண் வௌவால்கள் வடக்கே பாலைவனத்துக்கு நூற்றுக்கணக்கான மைல் பறந்து போய்ப் பிரசவிக்கின்றன. வழி நெடுகப் பூத்திருக்கும் செடிதான் அவற்றுக்குச் சத்திரம். 1988இல் அமெரிக்க அரசாங்கம் இவற்றை அழியும் ஜீவன்களின் பட்டியலில் சேர்த்தது. பல பேர் பாடுபட்டதன் பயனாக 2018இல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. சத்திரங்களை மூடிவிட்டால் மறுபடியும் சேர்க்க வேண்டியதுதான்.

2019 ஜூன் 28ஆம் தேதி மெக்ஸிக்கோ அரசாங்கம் ரைஸீயாவுக்கு ஊர்ப்பெயர் உரிமை கொடுத்தது. நம் காஞ்சிபுரம் பட்டுக்கு இருக்கிறதே, அந்த மாதிரி. ஹலீஸ்கோவில் 16 வட்டாரங்களும் பக்கத்து நயாரீத் மாகாணத்தில் ஒன்றுமாக, இந்த எல்லைக்குள் வடித்தால்தான் இனி அந்தப் பெயர். திருட்டுச் சரக்கு கௌரவச் சரக்காயிற்று. காட்டிலே ஒளிந்து காய்ச்சியவர் நிமிர்ந்து நின்று தம் பெயரைப் புட்டியில் ஒட்டுகிறார். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் பெயர் பரவினால் கிராக்கி ஏறும். கிராக்கி ஏறினால் முற்றாத செடிமேலும் கத்தி விழும். முற்றாத செடியில் இனிப்புக் குறைவு. ஆகவே ஒரு புட்டிக்கு இன்னும் அதிகம் செடி வெட்ட வேண்டும். காடு காலியானால் கௌரவப் பெயரை எதன்மேல் ஒட்டுவது?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விதை சேகரித்து நாற்றுப் போட்டு மலையிலேயே நடுகிற தபேர்னாக்காரர்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கு ஐந்து செடியையாவது வெட்டாமல் பூக்க விடுவது என்று 2016இல் டெக்கீலா, மெஸ்கால் தயாரிப்பாளர்கள் சிலரை வௌவால் ஆராய்ச்சியாளர்கள் சம்மதிக்க வைத்தார்கள். ஐந்தே செடி! நம் வீடுகளில் ஊறுகாய் போடுகிறவர்கள் விதைக்கென்று ஒரு காயைக் கொடியிலேயே முற்ற விடுகிறோமே, அந்தப் புத்திதான்.

ஆகையால், நீங்கள் என்றாவது அந்த மலைக்குப் போனால், கிண்ணத்தை வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் செடி எந்தச் சரிவில் வளர்ந்தது? வெட்டிய இடத்தில் நாற்று நட்டீர்களா? பூப்பதற்கென்று எத்தனையை விட்டு வைத்தீர்கள்? பதில் சொல்லத் தெரிந்தவர் முகம் மலரும். தோட்டத்துக்கே அழைத்துப் போய்க் காட்டுவார். அவரிடம் ஒரு புட்டி வாங்குங்கள். குடிக்காவிட்டால் ஒரு பொட்டலம் காப்பிப் பொடியாவது, வெந்த கற்றாழைத் துண்டாவது வாங்குங்கள். பதில் சொல்லாமல் மேலும் ஒரு கிண்ணம் ஊற்றுகிறவரிடம் வாங்காதீர்கள். வந்து போகிறவர்கள் என்ன கேட்கிறார்களோ அதைத்தான் மலை விற்கும். வேகத்தை மட்டும் கேட்டால் புழுதி கிடைக்கும். போதையை மட்டும் கேட்டால் மொட்டைச் சரிவு கிடைக்கும். செடியைப் பற்றிக் கேட்கிறவர்கள் கூடினால் செடி நிற்கும்.

இறங்கும்போது வெயில் சாய்ந்திருக்கும். வெட்டாமல் விட்ட கற்றாழை ஒன்று பாறைமேல் தண்டு விட்டு நிமிர்ந்து நிற்பதை வழிகாட்டி காட்டுவார். உச்சியில் மஞ்சள் பூ. இன்னும் சற்று நேரத்தில் இருட்டும், வௌவால் வரும். வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு நிமிஷம் பாருங்கள். இந்த மலையில் அடுத்த எட்டு வருஷம் அதன் மடியில்தான் இருக்கிறது.